கல்முனைக் கோச்சியும் டிஜிட்டல் பெட்டியும்

ஜூலை 7, திங்கள்

கச்சான் காற்று. காலையில் இருந்து ஓயவில்லை. ஜன்னல் எல்லாம் சாத்தியும் மேல் அறை மேசையில் மணல். அதில் அவர் போட்ட விளையாட்டு ரயில் கோச்சியின் தண்டவாளத்தில் விரல் வைத்தால் விரல் கறுப்பு.

தோஹாவில் இருந்து மகன் ரிஸ்வியின் பார்சல் வந்தது. பேரீச்சம்பழம், பால்மா, புருஷன் போன பிறகு நான் வீட்டோடு இருக்கிற இந்த நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உடுக்க வெள்ளைத் துணி. அதற்கு அடியில் ஒரு கனத்த பெட்டி. அது எனக்கு இல்லை. மேலே மருமகன் நௌசாத்தின் பெயர்.

நௌசாத் கத்தியால் வெட்டித் திறந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமி, டிஜிட்டல் செட். இனி மாமாட கோச்சிய போன்லயே ஓட்டலாம்."

"ஆரு கேட்ட?"

"நானும் ரிஸ்வி மச்சானும் கதைச்சித்தான் முடிவெடுத்த."

நானும் மச்சானும். பிறகு என் மகள் சிப்னாவிடமும் கேட்டார்களாம். சம்மாந்துறையில் போன் திருத்துகிற ஒருவரிடமும் கேட்டார்களாம். ஊரில் மிச்சம் இருந்தது நான் ஒருத்தி.

சிப்னா வாங்கித் தந்த கொப்பி இது. "மனசுல இருக்கிறத எழுதுங்க உம்மா, பாரம் கொறையும்" என்றாள். ஏழாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழை இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள். பாரம் குறையவில்லை. கோபம் கூடியிருக்கிறது.

இரவு: கீரைச் சுண்டல், பாரைக் குழம்பு. ஒரு பிடிதான் இறங்கியது.


ஜூலை 8, செவ்வாய்

காற்று அதே.

தண்டவாளம் துடைத்தேன். இது எப்போதும் என் வேலை. பழைய சாரன் துண்டில் ஸ்பிரிட் நனைத்து, மட்டக்களப்பில் தொடங்கிக் கல்முனை வரைக்கும் ஒரே இழுவை. துடைக்காவிட்டால் எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். கடற்காற்றுக்கு இரும்பு இரண்டு நாள் தாங்காது.

அவர் சவுதியில் கரண்ட் வேலை செய்தபோது, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கொடுத்துவிட்டுப் போன கோச்சி இது. ஒவ்வொரு லீவுக்கும் துவாயில் சுற்றிச் சுற்றிக் கொண்டுவந்தார். உண்மைக் கோச்சி மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அதுக்கு இந்தப் பக்கம் பாதை இல்லை. இவர் மேசையில் போட்டார். மட்டக்களப்பு, களுவாஞ்சிக்குடி, கல்லாற்றுப் பாலம், மருதமுனை, கல்முனை. மேல் அறையில்தான் வைத்தார். சுனாமியில் கடல் வந்த வருஷத்துக்குப் பிறகு பெறுமதியான எதையும் கீழே வைக்க மாட்டார்.

பின்னேரம் சுபைதா மச்சி வந்தா. அவருடைய தங்கச்சி. படியில் ஏறும்போதே மூக்கை உறிஞ்சினா.

"மச்சி, என்ன வாசம்? இத்தாக்குள்ள அத்தர் பூசிரிக்கீங்களா?"

"ஸ்பிரிட் மச்சி. ஊசி போடக்கொள தேய்க்கிற சாமான்."

"ஆருக்கு ஊசி?"

"தண்டவாளத்துக்கு."

என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தா. அஸ்தஃபிருல்லாஹ் என்றா. புருஷன் மௌத்தாகி மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் கையில் வாசமாம், மேல் அறையில் விளையாட்டாம், ரோட்டில் போகிறவர்களுக்குக் கூவென்று கேட்கிறதாம்.

அது கூவாது. அதற்குச் சத்தமே இல்லை. கூவியது அவருடைய வாய். பாலம் வரும்போதெல்லாம் அவர்தான் கூவுவார். இப்போது எந்தக் கூவல் இவ காதில் விழுந்தது என்று தெரியவில்லை.

கை கழுவினேன். இரண்டு தரம். ஏன் கழுவினேன் என்று இப்போது ஆத்திரம்.


ஜூலை 9, புதன்

ரிஸ்வி வீடியோவில். பின்னால் ஏசி, மேலே சட்டை இல்லை. "சட்டயப் போட்டுட்டுக் கதை மனே" என்றேன்.

டிஜிட்டல் என்றால் என்ன என்று சொல்லித் தந்தான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல, நிறுத்தி நிறுத்தி. எனக்கு விளங்கிய மட்டில்:

இப்போது இருப்பது: தண்டவாளம் துண்டு துண்டாக. துண்டுக்கு ஒரு சுவிச்சு. ஓட்டுகிற கரண்ட் பெட்டி இரண்டு, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. சுவிச்சு மேலே என்றால் அந்தத் துண்டு அவருடைய பெட்டிக்கு. கீழே என்றால் என் பெட்டிக்கு. நடுவில் என்றால் கரண்டே இல்லை. பெட்டியில் குமிழைத் திருகினால் அந்தத் துண்டில் நிற்கிற எஞ்சின் ஓடும். (இது அவன் சொல்லித் தர வேண்டியதில்லை. அவனுக்குத்தான் நான் சொன்னேன்.)

டிஜிட்டல் வந்தால்: துண்டும் இல்லை, சுவிச்சும் இல்லை. தண்டவாளம் முழுதும் எந்நேரமும் கரண்ட். ஒவ்வொரு எஞ்சின் வயிற்றிலும் ஒரு சிப். போனில் எந்த எஞ்சினைத் தொடுகிறோமோ அது மட்டும் ஓடும். மற்றவை லைட் எரிய எரிய நிற்கும்.

"பத்துக் கோச்சி ஓடினாலும் ஒரு ஆள் போதும் உம்மா. ரெண்டு பேர் தேவல்ல."

ரெண்டு பேர் தேவல்ல. அவனுக்கு அது நல்ல செய்தி.

பிறகு இன்னொன்று.

"நெட்ல போட்டுட்டா நான் இங்கருந்தே ஓட்டுவன். நீங்க சும்மா கதிரயில இருந்து பாத்தாப் போதும்."

"பாத்துக்கிட்டு இரிக்கத்தானே நான்."

"கோவமா உம்மா?"

"இல்ல மனே. வெளிநாட்டுல இருந்துக்கிட்டு வீட்ட ஓட்டுறது உங்கட வாப்பாட பரம்பர. நீயும் ஓட்டு."

சிரித்தான். நான் பகிடி விட்டேன் என்று நினைத்தான். லைன் வெட்டுப்பட்டது.


ஜூலை 11, வெள்ளி

காற்று கொஞ்சம் குறைவு. வெயில் சுள்ளென்று.

சு. மச்சி இதைப் பள்ளிவாசல் வரைக்கும் கொண்டுபோயிருக்கிறா. இத்தாவில் இருக்கிற பெண் கோச்சி விடலாமா என்று. ஜும்ஆ முடிந்து மௌலவியிடம் கேட்டுவந்தது நௌசாத்.

"என்ன சொன்னாரு?" மச்சி கேட்டா, சோற்றுக் கோப்பையைக் கீழே வைக்காமல்.

"வீட்டுக்குள்ள இரிக்கிற சாமானத் தொடச்சி வெக்கிறதுல என்ன தப்பு எண்டு கேட்டாரு மாமி. பொறகு அவரே கேக்காரு, அது நெசமாவே கல்முனைக்கு வருதாமா எண்டு. வந்து பாக்கலாமா எண்டு."

நௌசாத்துக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சிப்னாவும் சிரித்தாள். எனக்கும் வந்தது. வாய்க்குள் வைத்து மென்றேன். மச்சி சிரிக்கவில்லை. "ஆம்பிளைகள்தான் உங்களுக்குச் செல்லம் குடுக்கிற" என்றா.

செல்லமா. எனக்கா.

ஒன்று எழுத வேண்டும். நௌசாத் கெட்டவர் இல்லை. மௌத்து வீட்டில் கபன் துணி வாங்க ஓடியதில் இருந்து எல்லாம் அவர்தான். இந்த வீட்டை சிப்னாவின் கலியாணத்துக்கு நாங்களே எழுதிக் கொடுத்தோம், ஊர் வழக்கம் அதுதான். சட்டப்படி பார்த்தால் மேல் அறையும் அவர்களுடையது. ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்கும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட மனிதர் என்றால் சண்டை பிடிக்கலாம். நல்ல மனிதர் நல்லது செய்யப் புறப்பட்டால் எங்கே போய்ச் சொல்வது.


ஜூலை 12, சனி

சரி. ஆத்திரத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு நியாயமாகப் பார்ப்போம் என்று மேலே போனேன்.

டிஜிட்டலுக்கு நல்லது:
கோச்சி நிற்கும்போதும் லைட் எரியும். (இது எனக்குப் பிடிக்கும். இப்போது நிறுத்தினால் இருட்டு. ஸ்டேசனில் இருட்டாக நிற்கிற கோச்சியில் யார் ஏறுவார்கள்.)
ஒரு ஆள் ஓட்டலாம்.
ரிஸ்விக்குச் சந்தோஷம்.

கெட்டது:
தூசிக்கு இதைவிடச் சீக்கிரம் தடங்குமாம். நௌசாத்தே சொன்னார். இந்த ஊரில்.
எல்லா எஞ்சினையும் பிளக்க வேண்டும்.
சுவிச்சுப் பலகை போய்விடும்.
என் பெட்டி போய்விடும்.

பிறகு தனியாக ஓட்டிப் பார்த்தேன், இரண்டு கோச்சியும் சேர்த்து. நடக்கவில்லை. என் பெட்டி மட்டக்களப்புப் பக்கம், அவருடையது கல்முனைப் பக்கம், மேசை அறை நீளத்துக்கு. இங்கே திருகிவிட்டு அங்கே ஓடினால் இங்கே இது முட்டுகிறது. இடுப்பு வலி. பச்சை எஞ்சின் கல்முனையில் போய்ச் சுவரில் இடித்துச் சரிந்தது. அவர்கள் சொல்வது சரிதான், இரண்டு பேர் வேண்டும்.

பாலத்தைத் தொடவில்லை. பாலத்தின் மேல் மண்ணிற எஞ்சின் நிற்கிறது. அவர் விட்ட இடத்தில்.

அன்றைக்கு மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் இரண்டு பேரும் ஓட்டிக்கொண்டிருந்தோம். மண்ணிறம் அவர் பக்கம் இருந்து பாலத்துக்கு வந்தது. கோச்சியை அவர் என் பக்கம் தரும் இடம் அது. அவர் கேட்க வாய் எடுக்கும்போது பாங்கு சொன்னது. சுவிச்சை நடுவில் போட்டார். "வந்து தாறன் புள்ள" என்று தொப்பியை எடுத்துக்கொண்டு இறங்கினார். பள்ளியில் பின் சுன்னத்துத் தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்துச் சுஜூதுக்குப் போனவர் எழும்பவில்லை. தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள்.

சுவிச்சு இன்னும் நடுவில். ஒருவருக்கும் இல்லாத துண்டு.

அதன் மேல் தூசி. துடைக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன்.


ஜூலை 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் துடைத்துவிட்டுச் சிவப்பு எஞ்சினை என் பக்கம் ஓடவிட்டிருந்தேன். மெல்ல. படியில் ஒரு ஆம்பிளைக் குரல், "அஸ்ஸலாமு அலைக்கும்." போன் திருத்துகிற அந்தச் சம்மாந்துறை ஆள். பாஸில் என்று பேர். சிப் போட நாளைக்கு வருவதாகச் சொன்னவர் இன்றைக்கே நௌசாத்தோடு வந்துவிட்டார். நான் இத்தாவில் இருக்கிறவள். அந்நிய ஆம்பிளை பார்க்கக் கூடாது. முக்காட்டை இழுத்துக்கொண்டு பக்கத்துத் தொழுகை அறைத் திரைக்குப் பின்னால் ஓடினேன். குமிழை அணைக்கவில்லை. அணைக்க நேரம் எங்கே.

சிவப்பு எஞ்சின் பாலத்து வாய் வரைக்கும் ஓடி, அங்கே கரண்ட் இல்லாததால் தன்பாட்டில் நின்றது. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் அணைந்திருக்கிற மாதிரி. என் பெட்டியில் இருந்த குட்டி லைட் பழுதாகிக் கனகாலம்.

பாஸில் பச்சை எஞ்சினைப் பிளந்து சிப் வைத்தார். நல்ல கை. திரை இடுக்கால் பார்த்தேன். அரை மணித்தியாலம் ஆகவில்லை. பிறகு சொன்னார்:

"இந்தப் பக்கம்தான் நேர் ரோட்டு நீளம். இங்கயே புடிச்சி டெஸ்ட் பண்ணுவம்."

இந்தப் பக்கம் என்றால் என் பக்கம். களுவாஞ்சிக்குடி. புதுப் பெட்டியின் கம்பியை என் தண்டவாளத்தில் கவ்வக் கொண்டுபோகிறார். என் பெட்டி அணைக்காமல் கிடக்கிறது. ஒரு தண்டவாளத்தில் இரண்டு கரண்ட் படக்கூடாது. அவர் முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம் அது.

காலையிலேயே வந்து தொழுகை அறையில் இருந்த சு. மச்சி பக்கத்தில், தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு.

"மச்சி, என்ட பெட்டி பத்தினபடி கெடக்கு. சொல்லணும்."

"ஷ்! அந்நிய ஆம்பிள. குரல் கேக்கப்படாது."

"எரிஞ்சிரும் மச்சி."

"எரிஞ்சா எரியட்டும். சிப்னாவக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

சிப்னா கீழே, பாஸிலுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள். கூப்பிடக் குரல் வேண்டும். குரல் கேட்கக் கூடாது. நான் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மாடு மாதிரி நின்றேன். அவள் தட்டோடு படியேறி வரும்போது வாசம் வந்துவிட்டது. பிளாஸ்டிக் கருகுகிற வாசம். பச்சை எஞ்சினின் கூரையில் இருந்து நூல் போலப் புகை.

"யா அல்லாஹ்!" நௌசாத்.

"ஆரு இந்தப் பெட்டிய ஓன்ல வெச்ச?" பாஸில்.

மச்சியின் தஸ்பீஹ் மட்டும் டிக் டிக்.


ஜூலை 15, செவ்வாய்

தூங்கவில்லை.

நௌசாத் தேத்தண்ணியோடு வந்து கட்டிலடியில் நின்றார்.

"மாமி, ஒரு சத்தம் போட்டிரிக்கலாமே."

போட்டிருக்கலாம். ஓம். குமிழை அணைக்காதது நான். அதை மறைக்கவில்லை, அவரிடமும் சொன்னேன். ஆனால் வாயைப் பொத்தச் சொன்னதும் நீங்கள், ஏன் பொத்தினாய் என்று கேட்பதும் நீங்கள். எனக்கு இந்தப் பக்கமும் அடி, அந்தப் பக்கமும் அடி. மௌலவியிடம் கேட்கிறவர்கள் இதையும் கேட்டிருக்கலாமே: வீடு எரிந்தால் இத்தாக்காரி கத்தலாமா?

இதை அப்படியே சொன்னேன். நௌசாத் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, மெல்ல:

"பழைய வயரும் புது வயரும் ஒண்டா இருந்ததுதான் பிரச்சின மாமி. ஒண்டு இது, இல்லாட்டி அது. ஞாயித்துக்கிழம பாஸில் வருவாரு. பழசெல்லாத்தையும் கழட்டிட்டு முழுசா டிஜிட்டலாக்கிருவம். பொறகு ஒரு கரச்சலும் வராது."

"எல்லாத்தையும்?"

"பலக, ரெண்டு பெட்டி, எல்லாம். மண்ணிற எஞ்சினுக்கும் சிப் போடணும். அதையும் பாலத்துல இருந்து எடுத்தாத்தான்."

ஞாயிறு. சரி. என்னிடம் கேட்கவில்லை, தேதி சொன்னார்.

பச்சை எஞ்சின் கண்ணாடி அலுமாரியில். சிப்னாவின் வாப்பா தன் கையால் பச்சை பூசியது. கூரையில் கருகல் ஒரு நாணயக்குற்றி அளவு.

உடுப்புக் கழுவக் கிடக்கிறது. சிப்னா கழுவ விடவில்லை.


ஜூலை 17, வியாழன்

மேகம். மழை இல்லை.

சு. மச்சி புளியாணம் கொண்டுவந்தா. நெத்தலி போட்டது. திங்கட்கிழமை பற்றி ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, "கழட்டினா நல்லம்தான். பாக்கப் பாக்க நாநாட நெனவுதானே வரும்" என்றா. நாநா என்றால் அவர்.

நினைவு வரக் கூடாது என்று எந்த மடையன் சொன்னது.

கேள் கொப்பி. உனக்குத்தான் சொல்கிறேன்.

கலியாணம் முடிந்த இரண்டாம் மாதம் சவுதி போனார். முதலில் கேசட் வரும். பிறகு போன் வந்தது. கேசட்டில் அவர் குரல்: கிணற்றுக்குக் கட்டு கட்டு. ரிஸ்வியை அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர். உன் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் கொடுக்காதே. மாமரத்தை வெட்டு. மாமரம் அப்போது காய்த்து நின்றது. அங்கே இருந்துகொண்டு வெட்டச் சொன்னார், இங்கே நான் ஆள் பிடித்து வெட்டினேன். ஏனென்று கேட்க முடியாது, கேசட் பதில் சொல்லாது. நல்ல மனிதர். காசு தவறாமல் அனுப்பினார். ஆனால் என் வீட்டை எனக்கு மேலால் ஓட்டினார். வருஷக்கணக்காக.

முழுதாகத் திரும்பி வந்த பிறகு எங்களுக்குள் கதையே இல்லை. இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. சாப்பிடுவார், கடைக்குப் போவார், மேலே போய்க் கம்பி இழுப்பார். ஒருநாள் மேலே தேத்தண்ணி கொண்டுபோனேன். ஒரு பெட்டியைத் தூக்கி என் பக்கம் வைத்தார். "இது உனக்கு" என்றார். குமிழைக் காட்டித் தந்தார். கோச்சி பாலத்துக்கு வந்தது. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தரட்டா புள்ள?"

அந்த மனிதர் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"சுவிச்ச உன்ட பக்கம் போட்டுட்டு, எடுத்தன் எண்டு சொல்லு. நீ சொல்லாட்டி நான் தரமாட்டன்."

போட்டேன். "எடுத்தன்" என்றேன். குரல் வரவில்லை, இரண்டாம் தரம்தான் வந்தது.

அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் தரம். சண்டை பிடித்து மூன்று நாள் கதைக்காமல் இருந்தபோதும், பாலம் வந்தால் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கோச்சி நகராது.

இப்போது சொல்கிறார்கள், ரெண்டு பேர் தேவல்ல.


ஜூலை 18, வெள்ளி

ஆம்பிளைகள் ஜும்ஆவுக்குப் போன நேரம் மேலே போனேன். சிப்னா பின்னால் வந்தாள், வாசலில் நின்றாள்.

முதலில் தண்டவாளம் துடைத்தேன். பாலத்தையும். மண்ணிற எஞ்சினை அசைக்காமல், இரண்டு பக்கமும் சுற்றி. ஸ்பிரிட் போத்தலில் கடைசிச் சொட்டு. சிவப்பு எஞ்சினைக் கையால் தூக்கி அலுமாரியில் வைத்தேன், பச்சைக்குப் பக்கத்தில். பிறகு பலகைக்கு முன்னால் நின்றேன்.

எழுத வேண்டிய விஷயம் இதுதான். எல்லாச் சுவிச்சையும் ஒரே பக்கம் போட்டால் ஒரு கோச்சியை ஒரே ஆள் மட்டக்களப்பில் இருந்து கல்முனை வரைக்கும் ஓட்டலாம். சிப் வேண்டாம், போன் வேண்டாம். இது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதா? கம்பி இழுத்தது அவர். எந்த நாளிலும் எல்லாவற்றையும் தன் பக்கம் போட்டுக்கொண்டு தனியாக ஓட்டியிருக்கலாம். நான் சமையலில் இருந்த எத்தனை பின்னேரம், கோச்சியைப் பாலத்தில் நிறுத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்திருப்பார். "ஏன் நிக்கி?" என்று கேட்டால், "நீ வரணுமே" என்பார். நான் கரண்ட் விஷயம் என்று நினைத்தேன்.

ஒருநாளும் போட்டதில்லை.

கல்முனைச் சுவிச்சைக் கீழே போட்டேன். மருதமுனை, கீழே. கடைசியாகப் பாலம். நடுவில் இருந்தது. அவர் விரல் கடைசியாகப் பட்ட இடத்தில் தூசி படிந்திருந்தது. துடைக்கவில்லை. அதோடேயே அழுத்தினேன்.

"எடுத்தன்" என்றேன்.

சிப்னா வாசலில் அழுதாள். நான் அழவில்லை, குமிழில் கை. மண்ணிறம் முதலில் நடுங்கியது. பிறகு நகர்ந்தது. பாலம் தாண்டிக் களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு. நிறுத்தினேன். குமிழை மறுபக்கம் திருகித் திருப்பி விட்டேன். பாலம், மருதமுனை, கல்முனை. ஒரே ஓட்டம். ஒருவரிடமும் வாங்காமல், ஒருவருக்கும் கொடுக்காமல்.

கல்முனைக்கு வந்ததும் லைட் அணைந்தது. டிஜிட்டல் என்றால் எரிந்துகொண்டு நிற்கும். அது உண்மைதான்.

நௌசாத் பள்ளியால் வந்ததும் சொன்னேன்.

"மருமகன், ஞாயித்துக்கிழம அவரை வர வேணாமெண்டு சொல்லுங்க. டிஜிட்டல் வேணாம்."

"மாமி, அந்த எரிஞ்ச பயத்துலயா சொல்றீங்க?"

"பயம் இல்ல. எனக்கு விளங்காம வேணாமெண்டு சொல்லல்ல. விளங்கித்தான் சொல்றன். பத்துக் கோச்சிய ஒரு ஆள் ஓட்டலாம், ஓம். எனக்குப் பத்துத் தேவல்ல. ஒண்டு போதும். ரெண்டாவது ஓடணுமெண்டா ரெண்டாவது ஆள் வந்து மாமாட பெட்டிக்கு முன்னால நிக்கணும். கேட்டுட்டுத் தரணும்."

"நான் நிக்கவா மாமி?" என்றார்.

"கேக்கப் பழகுங்க முதல்ல" என்றேன். சொன்ன பிறகு கூடிவிட்டதோ என்று இருந்தது. அவர் சிரித்தார். சிப்னா அவரைக் காட்டிலும் சத்தமாகச் சிரித்தாள்.


ஜூலை 19, சனி

காற்று மறுபடி. மணல்.

ரிஸ்வி காலையில் எடுத்தான். நௌசாத் எல்லாம் சொல்லியிருக்கிறார். சட்டை போட்டிருந்தான்.

"வேணாமாமே உம்மா."

"ஓம்."

"நான் உங்களுக்கு லேசா இரிக்கட்டும் எண்டுதான்."

"தெரியும் மனே."

"அப்ப பெட்டிய என்ன செய்ற?"

"அப்படியே ஒட்டி வெச்சிரிக்கன். லீவுல வரக்கொள எடுத்துட்டுப் போ. வந்தா மேல வா. வாப்பாட பெட்டி அங்கதான் கெடக்கு."

"எனக்கு அந்தச் சுவிச்செல்லாம் தெரியாதே."

"நான் சொல்லித் தாறன்."

மூக்கை உறிஞ்சினான். வேலைக்கு நேரம் ஆகிறது என்று வைத்துவிட்டான்.

மண்ணிறம் மருதமுனையில் விக்கி நின்றுவிட்டது. தூசி. ஸ்பிரிட் போத்தல் காலி. சிப்னா சனிக்கிழமை ரியூஷன் பிள்ளைகளோடு, நௌசாத் வேலைக்கு. நான் வெளியே போக முடியாது. பார்மசிப் பக்கத்து வீடு சு. மச்சியுடையது.

அவவிடம்தான் வாங்கிவரச் சொல்ல வேண்டும். பெரிய போத்தல்.